வீட்டு உள்வேலையின்போது யார் என்ன சொன்னார்கள்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பெரும்பாக்கம் ஆறாம் மாடி

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்துவிட்டது. இரண்டு படுக்கையறை, நீளமான ஹால், சின்னச் சமையலறை, மத்தியானத்துக்கு மேல் வெயிலை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் மேற்குப் பால்கனி. இன்டீரியர் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எல்லா வீட்டிலும் அதே சாம்பல் நிறச் சோபா, அதே மரச் சட்டங்கள் அடித்த டிவி சுவர், கூரை ஓரத்தில் அதே மறைவிளக்கு. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு படத்தில்கூட இட்லிப் பானையோ துணிக்கொடியோ தண்ணீர் கேனோ இல்லை. இதையெல்லாம் அவர்கள் எங்கேதான் வைக்கிறார்கள்?

அதனால் நான் ஐடியா பட்டியல் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் வேலை நடந்தபோது ஆசாரி, டைல்ஸ் போடுபவர், எலக்ட்ரீஷியன், பக்கத்து வீட்டு மாமி என்று யாராவது சொன்ன ஏதோ ஒன்று திட்டத்தையே மாற்றியிருக்கும். அதை எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. அளவெடுக்க வந்த டிசைனர் இளம்பெண். டேப்பை எடுப்பதற்கு முன்னால், "வெளியிலேர்ந்து வந்ததும் முதல் அஞ்சு நிமிஷம் நீங்க எல்லாரும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். யோசித்தால், அப்பா குனிந்து செருப்பைக் கழற்றச் சிரமப்படுவார், தம்பி ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைப்பான், என் பை சோபாவுக்குப் போகும், சாவி எங்கே என்று காலையில் தேடுவோம். டிவி சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அவர் வாசலுக்குத் திருப்பிவிட்டார். 18 அங்குல உயரத்தில் உட்காரும் பலகை, அதன் கீழே காற்றுப் போக இடைவெளி விட்ட கதவோடு செருப்பு அடுக்கு, பக்கத்தில் ஹெல்மெட் நுழையும் ஆழத்துக்கு ஒரு தட்டு, கண் உயரத்தில் சாவிக் கொக்கி. டிவி சுவரில் இப்போது பெயிண்ட் மட்டும்தான்.

உறையூர் மருமகள்

எங்கள் சமையலறையை முடிவு செய்தது என் மாமியாரின் முழங்கை.

முதலில் விசாரித்த கடையில் மேடை உயரம் 34 அங்குலம், அதுதான் ஸ்டாண்டர்டு என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அத்தைக்குப் பழக்கமான ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "சமைக்கப்போறது யாரு?" அத்தை ஐந்தடிக்கும் குறைவு, நான் ஐந்தரை. "அம்மா, சப்பாத்தி தேய்க்கிற மாதிரி கைய மடக்கி நில்லுங்க" என்று அத்தையைச் சுவரோரம் நிற்கவைத்து முழங்கைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். எனக்கும் ஒரு கோடு.

அவர் கணக்கு இது: வேலை செய்யும் மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஆனால் அடுப்பு மேடையின் மேல் உட்காருகிறது, அதன் மேல் குக்கரோ வாணலியோ ஏறுகிறது. கிண்டும் கை அந்தப் பாத்திரத்தின் விளிம்புக்கும் மேலே வர வேண்டும். 34 அங்குல மேடையில் அத்தை தோளைத் தூக்கிக்கொண்டுதான் வதக்க முடியும். பாத்திரம் கழுவும் தொட்டி இதற்கு நேர்மாறு. அதன் தரை மேடையிலிருந்து 8 அங்குலம் கீழே போகிறது, மேடை தாழ்வாக இருந்தால் பாத்திரம் தேய்க்கும்போது முதுகு போய்விடும். ஆகவே அடுப்புப் பகுதி 30 அங்குலம், தொட்டியும் நறுக்கும் இடமும் 34.

மேடையில் நடுவில் ஒரு படி விழுந்தால் அசிங்கமாக இருக்குமே என்று என் கணவர் இழுத்தார். கருப்பு கிரானைட்டின் விளிம்பை இரண்டு மட்டத்திலும் ஒரே மாதிரி உருட்டியதும் அது வேண்டுமென்றே செய்த டிசைன் ஆகிவிட்டது. வருகிறவர்கள் யாரிடம் செய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

கிரைண்டர் விஷயத்திலும் ஆசாரி பிடிவாதம் பிடித்தார். கீழ் அலமாரியில் வைத்துவிட்டு வேண்டும்போது எடுக்கலாம் என்றேன். "எடுக்க மாட்டீங்க" என்றார், அவ்வளவுதான். கல்லோடு சேர்த்து அது தூக்கும் கனமா? இப்போது தொட்டிக்குப் பக்கத்து மூலையில் அதற்கு நிரந்தர இடம், பின்னால் தனி ஸ்விட்ச், கழுவும் தண்ணீர் நேராகத் தொட்டிக்கு.

ஆசாரி மகன்

உறையூர் அக்கா சொன்ன முழங்கைக் கணக்கு சரி. என் அப்பாவும் அப்படித்தான் அளப்பார். நான் இப்போது வேலை நடக்கும் சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர்கள் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், பலகையைப் பற்றி ஒரு நிமிடம். ஒரு வீட்டில் பழைய சமையலறையைப் பிரிக்கப் போயிருந்தோம். மேல் அலமாரிகள் புதிதுபோல இருந்தன. தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டி மட்டும் கையால் பிய்த்தாலே உதிர்ந்தது. உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, வெளியே அருமையான மைக்கா. தண்ணீர் மைக்கா வழியாக நுழையவில்லை. குழாய்க்காக ஓட்டை போட்டவர் அந்த விளிம்பை மூடாமல் விட்டிருக்கிறார், அங்கே உறிஞ்சி உறிஞ்சி உப்பிவிட்டது.

பயந்துபோன அந்த அம்மா, "தம்பி, வீடு முழுக்க மரைன் பிளையே போட்டுடுங்க" என்றார். வேண்டாம்மா என்றேன். தண்ணீர் புழங்கும் கீழ்ப் பெட்டிகளுக்கு மட்டும் அந்த மரைன் பிளை, அதாவது ஐஎஸ் 710 தர முத்திரை உள்ள பிளைவுட் போடுங்கள். மேல் அலமாரிக்கும் துணி அலமாரிக்கும் ஐஎஸ் 303 முத்திரை உள்ள சாதாரண பிளைவுட் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல கீலுக்கும் டிராயர் சேனலுக்கும் கொடுங்கள், தினமும் கை படுவது அதில்தான். முத்திரை பலகையின் மேலேயே அச்சாகியிருக்கும். மைக்கா ஒட்டுவதற்கு முன் வந்து பார்த்துவிடுங்கள், ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுதான். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொள்பவரிடம் இரண்டு தடவை பாருங்கள்.

அதே வீட்டில் சிலிண்டரை வெளியே தெரியாமல் மூடிவிடச் சொன்னார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டிக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போகும் துளைகள் கட்டாயம். மேலே மட்டும் ஓட்டை விட்டால் பயன் இல்லை. லுக் கெட்டுவிடும் என்று அடியை மூடச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

காரைக்குடிப் பக்கம்

ஊரில் பழைய வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டினோம். ஹாலுக்கு ஆத்தங்குடி டைல்ஸ்தான் வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு அது ஃபேஷன், எனக்கு ஆயா வீட்டுத் தரை. சரி என்று ஆத்தங்குடிக்கே போனோம்.

பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள், அப்புறம் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கிறது. அந்த வழவழப்பு கண்ணாடி தந்தது.

மகள் போனில் அறைக்கு ஒரு டிசைனாகச் சேமித்து வைத்திருந்தாள். பட்டறைப் பெரியவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கட்டிலுக்கு அடியில பூ போட்டு யாரு தாயி பாக்கப்போறா?" ஹாலுக்கு நடுவில் மட்டும் பூ, சுற்றிலும் ஒற்றைச் சிவப்பு, சுவரோரம் கரை, படுக்கையறைகளுக்கு வெறும் ஒற்றை நிறம் என்று தரையிலேயே சாக்பீஸால் வரைந்து காட்டினார். செலவும் இறங்கியது. பழைய வீடுகளில் கண்ணுக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணமே அந்த வெற்றிடம்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

புறப்படும்போது அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதித்து முடித்ததும் வேலையாட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவ வருவார்கள், விடாதீர்கள். இது சிமெண்டு, ஆசிட் அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், எப்போதாவது துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்க மெருகு ஏறும். புளித்தண்ணீரும் எலுமிச்சையும்கூட இதற்கு ஆகாது, அதனால் சமையலறைக்கு வேண்டாம். இன்னொன்று, சாதாரண டைல்ஸைவிட இது தடிமன், அடியில் கலவைப் படுக்கையும் வேண்டும். ஃபிளாட்டில் ஏற்கெனவே இருக்கும் தரையின் மேல் போட்டால் கதவுகள் திறக்காது.

செங்காங், சிங்கப்பூர்

இங்கே வீவக வீடு, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. புது வீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் உடைக்க முடியாது, அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சைக் காப்பதற்காக. என் கணவருக்கு அந்தப் பழுப்பு ஓடு பிடிக்கவே இல்லை. புதுப்பிப்பு வேலைக்கு வந்த சீன அங்கிள், கண்ணாடி பதித்த அலமாரியும் அதன் மேல் ஒரு விளக்கும் மாட்டிவிட்டு, "மூணு வருஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்றார். இன்றுவரை கூப்பிடவில்லை. ஆபத்துக் காலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள்ளேயே கட்டிய காப்பறையின் சுவரை உடைக்கவோ இரும்புக் கதவை மாற்றவோ கூடாது. உள்ளே தனியாக நிற்கும் இரும்பு அடுக்கு, அதில் அரிசி, பெட்டிகள், தீபாவளிப் பாத்திரம் எல்லாம்.

சரவணம்பட்டி

எங்கள் திட்டத்தை மாற்றியவர் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி. ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் என்று டிசைன் தயார். தம்பி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அக்கா, கூரை ஒன்பதரை அடிதான். இதுல முக்கால் அடி எறக்குனா ஃபேன எங்க மாட்டுவீங்க?" விசிறியின் இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் அடி இல்லாவிட்டால் அது மேலிருந்து காற்றை இழுக்க முடியாமல் சுற்றுமே தவிர, கீழே ஒன்றும் வராதாம். அந்த இடைவெளியும் விட்டால் இறக்கை தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கோவையில் இருந்துகொண்டு விசிறிக் காற்றை விட்டுக்கொடுப்பானேன்? சுவரோரம் ஒரு பக்கம் மட்டும் இரண்டடி அகலத்துக்கு இறக்கி அதில் விளக்கு வைத்தோம். நடுக்கூரை அப்படியே இருக்கிறது.

"லைட்டு பகல்ல முடிவு பண்ணாதீங்க, ராத்திரி வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே ஹோல்டரும் வயரும் மூன்று பல்புமாக வந்தார். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் 6500, 4000, 3000. ஒரே கிரீம் பெயிண்ட்; முதல் பல்பில் நீலம் பாய்ந்து, கடைசியில் சந்தனமாகத் தெரிந்தது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, காய் நறுக்கும் மேடைக்கு 4000 என்று முடிவானது. பெயிண்ட் கார்டையும் அதே வெளிச்சத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

சோபா பற்றியும் சொல்கிறேன். எங்கள் அம்மாச்சி சோபாவில் உட்காரவே மாட்டார், காலை நீட்டித் தரையில்தான். ஊர்ச் சனம் வந்தாலும் பத்து நிமிடத்தில் எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள். இதைப் பார்த்த என் நாத்தனார், "அப்புறம் எதுக்கு அண்ணி அந்த எல் சோபா?" என்றாள். இருவர் உட்காரும் மரச் சோபா, ஒரு தாழ்வான திவான், மீதி இடத்துக்கு பவானி ஜமக்காளம். பருத்தி, வெயிலில் உதறிப் போடலாம், சுருட்டி ஓரமாக வைக்கலாம். அந்தச் சிவப்பும் பச்சையுமான பட்டைக் கோடு வெள்ளைச் சுவருக்கு எடுப்பாக இருக்கிறது. ரெக்ஸின் சோபா வாங்க நினைப்பவர்கள், நான்கைந்து வருடம் ஆன ஒன்றை யார் வீட்டிலாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தோல் தோலாக உரியும்.

பெரும்பாக்கம் ஆறாம் மாடி

எல்லாருக்கும் நன்றி. சமையலறை வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அம்மாவின் முழங்கையை இன்று மாலை அளக்கிறோம். அந்த மேற்குப் பால்கனிக்கு யாராவது வழி சொல்லுங்களேன். தடிமனான இரட்டைத் திரை போடச் சொல்கிறார்கள்.

மதுரை வெயில்

திரை வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவர் திரைக் கடைக்காரர்தான், நம்பினால் நம்புங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான், அப்புறம் திரையே சூடாகி அறைக்குள் அனல் வீசும். கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். பால்கனியின் வெளி விளிம்பில் மூங்கில் தட்டி தொங்கவிட்டோம், மூன்று மணிக்கு இறக்கிவிட்டு ஆறு மணிக்குச் சுருட்டுவோம். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாக வேலை செய்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிர்ச்சி எதிர்பார்க்காதீர்கள், வாசனை வேண்டுமானால் வரும். ஆறாம் மாடி என்கிறீர்கள், தட்டியின் அடிப்பக்கத்தைக் கம்பியில் கட்ட ஒரு கொக்கி வையுங்கள், காற்றுக்கு அடித்துக்கொள்ளும்.

ஆசாரி மகன்

தட்டி மாட்டும்போதே துணிக்கொடிக்கும் இடம் பிரித்துவிடுங்கள். கப்பியில் ஏற்றி இறக்கும் கொடியாக இருந்தால் தட்டியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே தள்ளி, கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டச் சொல்லுங்கள். ஈரப் போர்வை இழுக்கும் இழுப்புக்குச் சாதாரண ஸ்க்ரூ நிற்காது. கயிறு கட்டும் கொக்கி அம்மாவுக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். முழங்கையை அளக்கும்போது அதையும் சேர்த்து அளந்துவிடுங்கள்.