பிரிஸ்டலில் பசுமைக் கட்சிக்கு 34 இடம்: ஊர் கேட்டது இதைத்தானா?

ஏவன்கரை:
இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தல் என்றாலே நம் ஆட்களின் பேச்சு லண்டனோடு நின்றுவிடுகிறது. நான் இருக்கும் பிரிஸ்டலைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2024 மே 2ஆம் தேதி நடந்த கவுன்சில் தேர்தலில் மொத்தம் 70 இடங்கள். பசுமைக் கட்சி 34, லேபர் 21, லிபரல் டெமாக்ரட் 8, கன்சர்வேட்டிவ் 7. தனிப்பெரும்பான்மைக்கு இரண்டே இடம் குறைவு. அந்தத் தேர்தலோடு இன்னொன்றும் மாறியது. ஊரே ஓட்டுப் போட்டு ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2012இல் வந்தது. அது முடிவுக்கு வந்து, எல்லாக் கட்சிக் கவுன்சிலர்களும் உட்காரும் கமிட்டிகளின் கைக்கு நிர்வாகம் போனது. 2022இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 59 விழுக்காட்டினர் கேட்ட மாற்றம் அது.

என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தீர்ப்புதான். ஒருவர் கையில் எல்லா முடிவும் இருந்தது போதும் என்று ஊர் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் நினைவிருக்கிறதா? டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிப் பெரிய அரங்கம் கட்டுவதாக ஆண்டுக்கணக்கில் பேச்சு. அங்கேயே கட்டுங்கள் என்று கவுன்சிலர்களில் பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு மேயரைக் கட்டுப்படுத்தாது. மேயர் மார்வின் ரீஸ் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஊருக்கு வடக்கே ஃபில்டனில், கான்கார்டு விமானம் கட்டிய பழைய கொட்டகையில், மலேசியாவின் ஒய்டிஎல் நிறுவனம் அரங்கம் அமைக்கும் என்றார்கள். அது இன்னும் திறந்தபாடில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த 70 பேர் பேசி முடித்ததை ஒரு கையெழுத்து தள்ளிவிடும் என்றால் அந்த 70 பேர் எதற்கு?

நெடுஞ்சேரன்:
நண்பரே, மேயர் மீதிருந்த கோபம்தான் இந்த முடிவு என்றால் எண்கள் உங்களுக்குச் சாதகமாக இல்லை. 2021 தேர்தலில் லேபருக்கு 24 இடம், பசுமைக் கட்சிக்கும் 24. கன்சர்வேட்டிவ் 14, லிபரல் டெமாக்ரட் 8. 2024இல் மேயரின் கட்சியான லேபர் இழந்தது மூன்றே இடம். பாதியாகச் சரிந்தது கன்சர்வேட்டிவ் கட்சி, 14இலிருந்து 7. எட்டு வருடம் ஊரை ஆண்ட கட்சிக்கு மூன்று இடச் சரிவு பெரிய தண்டனையா? அதுவும் காஸா விஷயத்தில் லேபர் தலைமை மீது ஆதரவாளர்களே கொதித்துப்போயிருந்த நேரத்தில்.

அந்த 59 விழுக்காட்டையும் முழுசாகச் சொல்லுங்கள். 2022 மே மாதம் ஓட்டுப் போடப் போனவர்கள் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. 59 என்பது அந்த 29 பேருக்குள்தான்.

அரங்கம் பற்றி ஒரு வார்த்தை. கவுன்சில் தன் பணத்தைக் கொட்டாமல் தனியார் பணத்தில் கட்டலாம் என்பது ரீஸின் கணக்கு. அது சரியா தவறா என்று நாம் சண்டை போடலாம். ஆனால் யாரோடு சண்டை போடுவது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு பிரிஸ்டலில் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் 2024ஐ மட்டும் பார்க்கிறீர்கள். பெரிய நகர்வு அதற்கு முந்தைய தேர்தலில். 2016இல் லேபர் 37 இடம், தனிப்பெரும்பான்மை. பசுமைக் கட்சி 11. 2021இல் லேபர் 24க்கு இறங்கியது, பசுமை 24க்கு ஏறியது. அதாவது 13 இறங்கி 13 ஏறியது. லிபரல் டெமாக்ரட் கட்சி மூன்று தேர்தலிலும் அதே 8.

இதில் கவனிக்க வேண்டியது, 2021இல் லேபர் 13 இடம் இழந்த அதே நாளில் ரீஸ் மேயராக மறுபடி ஜெயித்தார். பசுமைக் கட்சி வேட்பாளரை இரண்டாம் சுற்று எண்ணிக்கையில் தோற்கடித்தார். ஒரே வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. மேயருக்கு ஒன்று, வார்டுக்கு வேறொன்று என்று யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஆகவே மேயரை வெறுத்தவர்கள் பசுமைக்குப் போனார்கள் என்று ஒரே கோடாக இழுக்க முடியாது.

நீலமலர்:
நான் தெற்கு பிரிஸ்டலில் வயோதிபர்களை வீட்டில் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். ஹார்ட்கிளிஃப் பக்கம் தினமும் போய்வருகிறேன். ஏவன்கரை அண்ணா, ஊர் சொல்லிவிட்டது என்று எழுதுகிறீர்கள். எந்த ஊர்? கிளிஃப்டன், காத்தம், ஆஷ்லி எல்லாம் பசுமை. ஹார்ட்கிளிஃப், ஃபில்வுட், சவுத்மீட் லேபர். வீட்டு வாடகையைப் பார்த்தாலே எந்த வார்டு எந்தக் கட்சி என்று பாதி சொல்லிவிடலாம்.

குப்பை விஷயம் வந்தபோது இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. 2025 தொடக்கத்தில், மீள்சுழற்சிக்குப் போகாத குப்பை போடும் கறுப்புத் தொட்டியை இரண்டு கிழமைக்குப் பதில் மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருக்கா எடுக்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள். மீள்சுழற்சி கூடுகிறது, காசு மிச்சமாகிறது என்றார்கள். நான் போகிற வீடுகளில் படுக்கையில் இருக்கிற ஆட்கள் நாளொன்றுக்கு நாலைந்து டயப்பர் பேட் மாற்ற வேண்டும். அது பச்சைப் பெட்டியிலும் போகாது, நீலப் பையிலும் போகாது, உணவுக் கழிவுத் தொட்டியிலும் போகாது. கறுப்புத் தொட்டி ஒன்றுதான். இரண்டு கிழமைக்குள்ளேயே மூடி மூட ஏலாமல் நிற்கும். வாசலில் இடம் உள்ள வீட்டில் இருந்துகொண்டு போட்ட கணக்கு அது.

ஏவன்கரை:
நீலமலர், நீங்கள் சொன்ன பேட் விஷயம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அடுத்து என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நான்கு வாரம் என்ற யோசனையைக் கைவிட்டார்கள். ஆளும் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை, கமிட்டியில் மற்றக் கட்சிகளும் தங்கள் பலத்துக்கு ஏற்ப உட்கார்ந்திருக்கின்றன, அதனால்தான் இறங்கி வர வேண்டியிருந்தது. ஒற்றை மேயர் இருந்திருந்தால் "முடிவெடுத்தாயிற்று" என்று போயிருப்பார். இந்த முறையை நான் ஆதரிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

வார்டு பிரிவு உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பார்ட்டன் ஹில் அடங்கிய லாரன்ஸ் ஹில் வார்டும் பசுமைதான். அதைப் பணக்கார வார்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நெடுஞ்சேரன்:
நல்லதாயிற்று, பார்ட்டன் ஹில்லை நீங்களே எடுத்தீர்கள். 2025 மார்ச்சில் அங்கே என்ன நடந்தது? ஊர் தூங்கும் நேரத்தில், போலீஸ் காவலோடு ஆட்கள் வந்து தெருக்களில் கார் போகாதபடி தடுப்புகளை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன் பகலில் வந்தபோது மக்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பியதால் இந்த ஏற்பாடு. கேட்டால் சோதனைத் திட்டம் என்றார்கள். குப்பைக்கு இறங்கி வந்த கமிட்டி இங்கே ஏன் இறங்கி வரவில்லை? கிளிஃப்டனில் இப்படி விடியுமுன் வந்து வைக்கத் துணிவார்களா?

அதே பார்ட்டன் ஹில்லில் 2023 நவம்பரில் பார்ட்டன் ஹவுஸ் அடுக்குமாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டடம் பலமாக இல்லை என்று சந்தேகம். சுமார் 400 பேர், பலரும் சோமாலியக் குடும்பங்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு வெளியேறினார்கள். அன்றைக்கு அவர்கள் கேள்வி கேட்க ஒரு முகம் இருந்தது. மேயர் என்ற முகம். அவர் சொன்ன பதில் போதாமல் இருந்திருக்கலாம். பதில் சொல்லும் கடமை யாருடையது என்பதில் மட்டும் குழப்பமே இல்லை.

ஏவன்கரை:
முகம் இருந்தது, சரி. அந்த முகத்தை நான்கு ஆண்டுக்கு நடுவில் யாராவது மாற்ற முடிந்ததா? கவுன்சிலர்கள் எத்தனை தீர்மானம் போட்டாலும் மேயரை இறக்க முடியாது. இப்போது கவுன்சில் தலைவர் டோனி டயர். 70 பேர் நினைத்தால் அவரை மாற்றலாம். எனக்கு அதுதான் பொறுப்பு என்று படுகிறது.

பார்ட்டன் ஹில் தெருத்தடுப்புத் திட்டமும் 2024இல் முளைத்ததல்ல. மேயர் காலத்திலேயே தொடங்கியது, லேபர் நிர்வாகம் கருத்துக் கேட்டு வரைந்தது. விடியுமுன் போலீஸோடு போனதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்த மக்களிடம் பகலில், அவர்கள் மொழியில் பேசியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் திட்டத்தில் இரண்டு கட்சியின் கையும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
யார் ஆண்டாலும் பணப்பை ஒன்றுதான், அதைப் பேசாமல் கட்சியை மட்டும் பேசுவதில் பயனில்லை. கவுன்சில் டாக்ஸை, அதாவது வீடுகளுக்கான உள்ளாட்சி வரியை, ஆண்டுக்கு 4.99 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். முதியோர் பராமரிப்பு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள், இவற்றுக்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. மிச்சத்தில்தான் நூலகம், பூங்கா, குப்பை எல்லாம். 2023 செப்டம்பரில் லேபர் ஆண்ட பர்மிங்காம், கையில் பணமில்லை என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்தது. மூன்று மாதத்துக்குள் நாட்டிங்காம் அதே அறிவிப்பைக் கொடுத்தது. கறுப்புத் தொட்டியை நான்கு வாரமாக்கும் யோசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பாதிப் பதில் இதில் இருக்கிறது.

நீலமலர்:
நான் போகிற வீடுகளின் செலவுதான் குப்பைச் செலவை விழுங்குகிறது என்று சொல்கிறீர்கள். விளங்குகிறது. அப்படியென்றால் அதை ஹார்ட்கிளிஃபுக்கு வந்து முகத்துக்கு நேரே சொல்லட்டும். அங்கே பசுமைக் கட்சிக்காரர் யாரும் தேர்தலுக்குப் பிறகு வந்து நின்று நான் காணவில்லை.

பஸ்ஸுக்கும் இதே கதைதான். 76ஆம் இலக்க பஸ் வரவில்லை என்றால் சனங்கள் கவுன்சிலைத் திட்டுகிறார்கள். பஸ் அதிகாரம் கவுன்சிலிடம் இல்லை, மேற்கு இங்கிலாந்துக் கூட்டு ஆணையத்திடம் இருக்கிறது. அதற்கு வேறொரு மேயர். இது பாதிப் பேருக்குத் தெரியாது.

நெடுஞ்சேரன்:
பாருங்கள், ஊர் மேயரை வேண்டாம் என்றார்கள், வட்டார மேயர் இருக்கிறார்! பிரிஸ்டலோடு பாத், சவுத் குளோஸ்டர்ஷயர் பகுதிகளுக்கும் சேர்த்து. 2025 மே மாதம் லேபரின் ஹெலன் காட்வின் ஜெயித்தார்.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு ஓட்டில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காட்வின் 25 விழுக்காடு, ரிஃபார்ம் கட்சியின் ஆரன் பேங்க்ஸ் 22, பசுமை 20. நால்வரில் மூவர் வேண்டாம் என்றவர் மேயர். 2022இல் வந்த சட்டம் இரண்டாம் சுற்றை எடுத்துவிட்டதன் விளைவு. 2021இல் ரீஸுக்கு இரண்டாவது விருப்ப ஓட்டும் சேர்ந்து பாதிக்கு மேல் கிடைத்தது. ஒற்றைத் தலைமை வேண்டும் என்பவர்கள் முதலில் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

நெடுஞ்சேரன்:
பதில் இருக்கிறது. இரண்டாம் சுற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தேர்தல் முறை பழுது என்பதற்காகப் பதவியையே எடுத்துவிடுவது எனக்கு ஒப்பில்லை.

இன்னொன்று. இந்த ஊரே பசுமை என்று பேசுகிறவர்கள் 2024 ஜூலை பொதுத்தேர்தலையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிஸ்டல் சென்ட்ரலில் பசுமைக் கட்சியின் கார்லா டென்யர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர் தங்கம் டெபனேர்; தந்தை வழியில் இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர், லேபர் எதிர்க்கட்சியாக இருந்தபோது அதன் நிழல் அமைச்சர். எனக்கு அது வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் பிரிஸ்டலின் மற்ற நான்கு தொகுதிகளிலும் லேபர்தான். ஐந்தில் ஒன்று பசுமை.

ஏவன்கரை:
கார்லா டென்யர் கவுன்சிலராக இருந்தபோது, 2018 நவம்பரில், அவர் கொண்டுவந்த தீர்மானத்தில்தான் பிரிஸ்டல் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. பிரிட்டனில் அப்படி அறிவித்த முதல் கவுன்சில். லேபர் பெரும்பான்மையாக இருந்த அவையில், சிறு கட்சியின் கவுன்சிலர் ஒருவர் கொண்டுவந்து நிறைவேறியது. வார்டில் உழைத்துத்தான் இந்தக் கட்சி 11இலிருந்து 34க்கு வந்திருக்கிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த அதிகாரப் பரவல் மசோதா, கமிட்டி முறையை விட்டு, ஒரு தலைவரும் அவரது சிறு குழுவும் முடிவெடுக்கும் தலைவர்–கேபினட் முறைக்குப் போகச் சொன்னது. பிரிஸ்டல் மக்கள் ஓட்டுப் போட்டு வாங்கியதை வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்து எடுக்கப் பார்த்தார்கள். 29 பேர் போட்டாலும் ஓட்டு ஓட்டுதான், நெடுஞ்சேரன். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி எங்களிடம் கேட்கட்டும்.

நெடுஞ்சேரன்:
மறுபடி கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கேட்டால் மேயருக்குத்தான் ஓட்டுப் போடுவேன், வீடு வீடாகப் போய்ப் பேசவும் செய்வேன்.

நீலமலர்:
வீடு வீடாகப் போகிறவர்கள் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். என்னோடு வேலை செய்கிற கேரளப் பிள்ளைகளுக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் தங்களுக்கு ஓட்டு இருப்பதே தெரியாது. பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. காமன்வெல்த் நாட்டவர் செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசித்தால் பதிவு செய்யலாம். வாக்குச்சாவடியில் படத்துடன் அடையாளம் கேட்பார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ காட்டினால் போதும். அடுத்த கவுன்சில் தேர்தல் 2028 மே மாதம். அதற்குள் ஹார்ட்கிளிஃப் வாசலில் யார் வந்து நின்று கதைக்கிறார்களோ அவர்களுக்கு என் ஓட்டு, எந்தக் கட்சியென்றாலும் சரி.