பாட்டுப் புத்தகம் வாங்க முதல் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கோ: பியானோ பழகுநர்களின் அனுபவப் பகிர்வு

நல்லூர், பியானோ ஆசிரியை

வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கத் தொடங்கினால், என்னிடம் பழகுகிற பிள்ளைகளின் பைகளுக்குள் புதுப் பாட்டுப் புத்தகங்களும் வந்துவிடும். லண்டன் சித்தி, ரொறன்ரோ மாமா என்று ஆளுக்கொன்று. எல்லாம் ஆசையாக வாங்கி வந்தவை. மட்டையில் பிள்ளைக்குப் பிடித்த பாடகியின் படம், உள்ளே ஐம்பது அறுபது பாட்டு. பிள்ளை அதைப் பியானோவில் விரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். வரித் தொடக்கத்திலேயே நாலு ஃபிளாட் (சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும் குறி), இடக்கைக்கு ஒக்டேவ் ஒக்டேவாக, அதாவது எட்டு வெள்ளைக் கட்டைத் தூரத்துக்குப் பாய்ச்சல். கிறேட் ஒன்றுப் பரீட்சைக்கே இன்னும் தயாராகாத கை அதில் என்ன செய்யும்? அடுத்த கிழமை அந்தப் புத்தகம் பையில் இருக்காது. பிள்ளைக்குப் பாட்டில் ஆசை விட்டுப்போச்சு என்று வீட்டில் நினைப்பார்கள். ஆசை அப்படியேதான் இருக்கிறது. புத்தகம்தான் பொருந்தவில்லை.

அதனால் நான் கண்டதை எழுதுகிறேன். மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு பக்கத்தில் கோடுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். ஐந்து கோட்டுத் தொகுதி மூன்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தால், மேலே இருப்பது பாடுபவருக்கான மெட்டு, கீழே இரண்டும் பியானோவுக்கு. கிற்றார்காரருக்குச் சின்னச் சின்னக் கட்டப் படங்களும் இருக்கும். மட்டையில் 'பியானோ, வோக்கல், கிற்றார்' என்று போட்டிருப்பார்கள். சொந்தங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த வகைதான். இதில் பாட்டை அநேகமாக ஒலிப்பதிவில் உள்ள சுருதியிலேயே எழுதியிருப்பார்கள். பாடகியின் தொண்டைக்கு வசதியான சுருதி, பழகுநரின் கைக்கு ஐந்து ஃபிளாட்டாக வந்து நிற்கும். இன்னொன்றும் உண்டு. சில புத்தகங்களில் பியானோவுக்கான இரண்டு தொகுதிக்குள்ளும் மெட்டே இருக்காது, துணை வாசிப்பு மட்டும்தான். பிள்ளை முழுப் பக்கத்தையும் பிழையில்லாமல் வாசித்து முடித்தாலும், அது என்ன பாட்டு என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. கஷ்டமான சுருதியைவிடப் பிள்ளையை அதிகம் நோகடிப்பது இதுதான்.

பியானோவுக்கு இரண்டு தொகுதி மட்டும், வலக்கையில் மெட்டு, 'ஈஸி பியானோ' என்று மட்டையில் எழுத்து. இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் அந்த 'ஈஸி'க்குப் பொது அளவு கிடையாது. ஏ.பி.ஆர்.எஸ்.எம்., ட்ரினிட்டி என்ற லண்டன் பரீட்சைச் சபைகளின் கிறேட்டுகள் போல ஒரு சபை பாடத்திட்டம் வைத்துத் தருகிற நிலை அல்ல அது. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். என் கணிப்பில் பெரும்பாலானவை கிறேட் இரண்டு, மூன்று வாசிக்கிற கைக்குத்தான் சரிவரும். அதற்குக் கீழே 'பிக் நோட்' என்று சுரத்தைப் பெரிதாக அச்சடித்த வகையும், இரண்டு கையும் ஐந்து விரல் இடத்தைவிட்டு அசையாத 'ஃபைவ் ஃபிங்கர்' வகையும் இருக்கின்றன. இந்தக் கடைசி வகையில் அடியில் ஆசிரியர் கூடச் சேர்ந்து வாசிக்கத் தனிப் பகுதி தந்திருப்பதும் உண்டு. முதல் வருடப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியாது. பிள்ளை அஞ்சு விரலில் வாசிக்க நான் பக்கத்தில் இருந்து கீழ்ப்பகுதியை வாசிப்பேன். அறை முழுக்க அந்தப் பாட்டு கேட்கும். சமைத்துக்கொண்டிருக்கிற அம்மா வாசலுக்கு வந்து நிற்பா.

கொக்குவில், பழகுகிற பிள்ளையின் அம்மா

ரீச்சர், நீங்கள் எழுதினதை வாசிக்கேக்க எங்கட வீட்டைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு. எங்களிட்டப் பியானோ இல்லை, 61 கட்டை கீபோட்தான். மகளுக்கு ஒன்பது வயது. அவளின்ர பெரியம்மா அனுப்பின புத்தகத்தில ஒரு பாட்டை வலு விருப்பமா எடுத்தாள். வலக்கை வடிவா வந்திட்டுது. இடக்கைக்கு வந்தால், சின்னவிரல் இறங்கி இறங்கிப் போய் கீபோட்டின்ர பிளாஸ்டிக் ஓரத்தில முட்டி நிக்குது. "அம்மா, கட்டை முடிஞ்சு போச்சு" எண்டாள்.

பள்ளிக்கூடத்தில மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிற ரீச்சரிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். அவ விளக்கினா: முழுப் பியானோவில 88 கட்டை. 61 கட்டையில ஆகக் கீழ இருக்கிறது நடு சி-யில இருந்து ரெண்டு ஒக்டேவ் கீழ உள்ள சி. புத்தகத்தில அது எங்க தெரியும் எண்டால், இடக்கைக்கான அஞ்சு கோட்டுக்கு, அதான் பாஸ் கிளெஃப்புக்கு, கீழ ரெண்டு சின்னக் கோடு போட்டு, அந்த ரெண்டாவது கோட்டில சுரம் குந்தியிருக்கும். அதுக்கும் கீழ சுரம் இருந்தால் எங்கட கீபோட்டில வாசிக்க ஏலாது. இப்ப நான் சங்கீதம் படிக்காத ஆளா இருந்தும் அந்த ரெண்டு கோட்டை எண்ணிப் பாத்துத்தான் சொல்லுவன், இது எங்களுக்கு, இது பெரியாக்களுக்கு எண்டு.

அதே ரீச்சர் இன்னொண்டும் செய்து காட்டினா. பிள்ளையின்ர கையைக் கீபோட்டில விரிச்சு வைச்சு, பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடையில எத்தனை வெள்ளைக் கட்டை எண்டு எண்ணச் சொன்னா. நோகாமல் ஆறு வந்தது, ஏழு இழுத்துப் பிடிச்சால்தான். ஒக்டேவுக்கு எட்டு வேணும். அப்ப, ஒரே நேரத்தில அமத்த வேண்டிய சுரங்கள் மேலையும் கீழையுமா எட்டுத் தூரத்துக்கு அடிக்கடி நிக்கிற புத்தகம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அலுமாரிக்குள்ள இருக்கட்டும் எண்டா. கை வளர வேணும், அதை அவசரப்படுத்தேலாது.

மானிப்பாய், கோயிலில் கீபோட் வாசிப்பவர்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு முதல் கையில் எடுப்பது தேவாலயத்துப் பாமாலைப் புத்தகத்தைத்தான். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். அந்த வழியில் வந்த சபைகளில் பாமாலை பாடுகிற பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பாட்டு ஆறுதலாகப் போகும், பிள்ளைக்கு மனப்பாடம், ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் சுலபம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

உண்மையில் அது தொடக்கநிலைக்காரருக்குச் சரியான கஷ்டம். நாலு குரலுக்கு எழுதினது அது. ஒரு கைக்கு இரண்டு சுரம், ஒவ்வொரு தட்டுக்கும் நாலும் மாறும். ஆறுதலான பாட்டிலும் விரல்களுக்கு ஓய்வே இல்லை. நான் இளம் பிள்ளைகளுக்கு மேல் சுரத்தையும் ஆகக் கீழ்ச் சுரத்தையும் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுப்பேன். அந்த இரண்டையும் வாசித்தாலே சபை பாடலாம், பாட்டு நிற்காது. நடுவில் உள்ள இரண்டும் கை பழகப் பழகச் சேரும். பாட்டின் வேகத்தைப் பார்த்து மட்டும் புத்தகத்தைத் தெரிவுசெய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சுன்னாகம், வேலைக்குப் போய்க்கொண்டே பழகுபவர்

நான் சின்ன வயதில் வாய்ப்பாட்டு படித்தவன், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்திருக்கிறேன். இப்போது பியானோ. என்னைப் போலக் கர்நாடக சங்கீதப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

ஒன்று சுருதி. நமக்கு ஸ எங்கே வைத்தாலும் சங்கராபரணம் சங்கராபரணம்தான். 1 கட்டைச் சுருதியில் பாடினாலும் 4½ கட்டைச் சுருதியில் பாடினாலும் மனதுக்கு ஒரே வேலை. பியானோவில் அப்படி இல்லை. 1 கட்டை என்றால் சி, முழுக்க வெள்ளைக் கட்டை. 4 கட்டை எஃப், ஒரு ஃபிளாட். 5 கட்டை ஜி, ஒரு ஷார்ப் (சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி). 2 கட்டை டி, இரண்டு ஷார்ப். 4½ கட்டைக்குப் போனால் எஃப் ஷார்ப், ஆறு ஷார்ப். அதே ராகம், அதே மெட்டு, ஆனால் விரல் போகிற பாதை முற்றாக வேறு. அதனால் நான் புத்தகம் திறந்தால் முதலில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் எத்தனை ஷார்ப், எத்தனை ஃபிளாட் என்று பார்த்துக்கொண்டே போவேன். பாதிக்கு மேல் இரண்டுக்குள் இருந்தால் வாங்குவேன். சேர்ந்து பாடுகிறவருக்கு வேறு சுருதி தேவையென்றால் பெரும்பாலான கீபோட்டுகளில் சுருதி மாற்றுகிற பொத்தான் இருக்கிறது. விரல் சி-யிலேயே இருக்கட்டும், சத்தம் அவருடைய சுருதியில் வரும்.

மற்றது தாளம். இதுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. மேலைத்தேய பொப் பாட்டில் சொல் தட்டில் விழுவது குறைவு. அரைத் தட்டு முந்தி விழும், அல்லது கொஞ்சம் பிந்தும். தாளத்துக்கு முந்தித் தொடங்குகிற அதீத எடுப்பும் பிந்தித் தொடங்குகிற அனாகத எடுப்பும் நமக்குப் புதிதில்லை, காதால் கேட்டால் உடனே பிடித்துவிடுவோம். தாளில் பார்த்தால்தான் கண் சுற்றும். ஒரு சுரத்தை, நிமிர்ந்த கோட்டுக்கு அப்பால் உள்ள அடுத்த கட்டத்துச் சுரத்தோடு வளைகோட்டால் கட்டி, நடுவில் சின்ன ஓய்வுக் குறி போட்டு, ஒரே வரியில் பதினாறு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். காது ஒன்று சொல்லும், கண் இன்னொன்று சொல்லும். நல்ல தொடக்கநிலைப் புத்தகத்தில் இதைத் தளர்த்தி, சொல்லைத் தட்டுக்குக் கொண்டுவந்து எழுதியிருப்பார்கள். மூலப் பாட்டின் துள்ளல் கொஞ்சம் குறையும்தான். எனக்கு அது பிடிக்காவிட்டாலும், இரண்டு கையையும் சேர்க்கப் பழகுகிற காலத்துக்கு அதுவே சரி என்று இப்போது நம்புகிறேன். கை சேர்ந்த பிறகு துள்ளலைக் காதே திருப்பிக் கொண்டுவரும்.

ரொறன்ரோ, சொந்த ஊர் வட்டுக்கோட்டை

நான்தான் அந்தப் புத்தகம் கொண்டுவாற மாமா! மருமகளுக்குப் பத்து வயது, பழகத் தொடங்கி ஒரு வருஷம். இந்த முறை என்ன வாங்கிறது, ரீச்சர்? இங்க கடையில எல்லாம் பொலித்தீன் உறை போட்டு ஒட்டியிருக்கு, திறந்து பாக்க விடுறாங்கள் இல்லை. ஒன்லைனில பாத்தால் முதல் பக்கம் மட்டும் காட்டும்.

நல்லூர், பியானோ ஆசிரியை

வாங்கோ! உங்களைப் போல விசாரித்து வாங்குகிற மாமாமார் கிடைத்தால் எங்கள் பாடு எவ்வளவோ லேசு.

முதல் பக்கத்தை நம்ப வேண்டாம். முதல் பக்கம் பெரும்பாலும் அறிமுகமும் முதல் சரணமும்தான். அங்கே இடக்கை நீளமான ஒற்றைச் சுரங்களோடு அமைதியாக இருக்கும். பல்லவி உச்சத்துக்கு வருகிற இடத்தில்தான் கோர்ட் (ஒரே நேரத்தில் சேர்த்து அமத்தும் சுரங்கள்) அடர்த்தியாகும், சில பாட்டுகளில் கடைசியில் சுருதியே மாறும். கடைக்காரரிடம் பொலித்தீன் போடாத பிரதி ஒன்று கேளுங்கள், நடுவில் திறவுங்கள். இடக்கையை மட்டும் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு ஒன்று, இரண்டு, கூடினால் நாலு சுரம் என்றால் மருமகளுக்குச் சரி. கரிய தடிப்புக் கோடுகளால் இணைத்த சுரங்கள் வரி முழுக்க ஓடினால் வேண்டாம். சுரங்களுக்கு மேலே 1 முதல் 5 வரை விரல் எண் அங்கங்கே போட்டிருந்தால் அது பழகுநரை நினைத்துச் செய்த புத்தகம். 1 பெருவிரல், 5 சின்னவிரல். பெரியவர்களுக்கான புத்தகங்களில் இந்த எண்களை அநேகமாகக் காணக் கிடைக்காது.

பக்கத்தை மிச்சம் பிடிக்க 'டி.எஸ்.', 'கோடா' என்று போட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து முதலாம் பக்கத்துக்குத் தாவச் சொல்கிற பாட்டுகளும் இருக்கும். சின்னப் பிள்ளை தாவுகிற இடத்தில் தடுமாறி நின்றுவிடும். ஒரு பாட்டு இரண்டு பக்கத்துக்குள், விரித்தபடி முழுதும் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது.

நான் இறுக்கமாகப் பிடித்திருக்கிற ஒரு கொள்கையும் சொல்கிறேன். பரீட்சைக்கு வாசிக்கிற நிலையைவிட ஒரு நிலை குறைந்ததாகத்தான் பாட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். பரீட்சைத் துண்டை மாதக்கணக்கில் ஆசிரியரோடு சேர்ந்து உழைத்து வாசிக்கலாம். பாட்டுப் புத்தகம் பிள்ளை தானாக எடுத்து, ஒரு கிழமைக்குள் ஒரு பாட்டை உருப்படியாக வாசித்து, அம்மம்மாவுக்குக் காட்டுவதற்கு. உழைப்புக்கு வேறு புத்தகம் இருக்கிறது. இதில் என்னோடு உடன்படாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கஷ்டமான பாட்டில் ஆசை இருந்தால் பிள்ளை தானே முயலும் என்பார்கள். அப்படி முயன்று வென்ற பிள்ளைகளும் உண்டு. ஆனால் பேசாமல் பியானோவை மூடிவிட்டுப் போன பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற தடிப் புத்தகங்களையும் எறிய வேண்டாம். பாட்டுகள் பொதுவாக அகரவரிசையில்தான் இருக்கும், சுலபத்திலிருந்து கஷ்டத்துக்கு அல்ல. ஐம்பது பாட்டில் நாலைந்தாவது பிள்ளையின் கைக்கு வரும். நான் பொருளடக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று குறித்துக் கொடுப்பேன். ஒரு புள்ளிப் பாட்டு இந்த வருடம். மற்றவை பிறகு.

பருத்தித்துறை, உயர்தர மாணவி

அக்காமார், அண்ணைமார், எனக்கொரு கேள்வி. எல்லாரும் இங்கிலிஷ் பாட்டைத்தான் கதைக்கிறீங்கள். தமிழ்ப் பாட்டுக்கு இப்பிடி நிலை பிரிச்ச புத்தகம் எங்க எடுக்கிறது? நான் கடையில பாத்ததில பாட்டு வரியும் அதுக்கு மேல சி, டி, இ எண்டு எழுத்தும்தான் இருக்கு. எது நீளம், எது கட்டை எண்டு இல்லை. இடக்கைக்கு ஒண்டுமே இல்லை.

சுன்னாகம், வேலைக்குப் போய்க்கொண்டே பழகுபவர்

தங்கச்சி, அந்த எழுத்துப் புத்தகத்தை நான் அப்படியே பாவிக்கிறேன். நீளம் இல்லாதது பெரிய குறையில்லை, பாட்டு உமக்குக் காதில் இருக்கிறதுதானே. இடக்கைக்குத்தான் வேலை செய்ய வேண்டும். மெட்டு சி-யில் இருந்தால் சி, எஃப், ஜி என்ற மூன்று கோர்ட்டை வைத்துத் தொடங்கும். ஒவ்வொரு தாள வட்டத்தின் தொடக்கத்திலும் மூன்றையும் மாறி மாறி அமத்திப் பாரும், எது மெட்டோடு சேருகிறது என்று காதே சொல்லும். மெட்டு ஏ-யில் நின்று நடபைரவி, கீரவாணி ராகங்கள் மாதிரிச் சோகமாகப் போனால் ஏ மைனர், டி மைனர், இ என்று வைத்துப் பாரும். சேர்ந்ததை வரிக்கு மேல் எழுதும். முதலில் கோர்ட்டின் அடிச் சுரத்தை மட்டும் ஒற்றை விரலால் வாசித்தால் போதும்.

நல்லூர், பியானோ ஆசிரியை

தம்பி சொன்னது நல்ல வழி. அதோடு நொட்டேஷன் கொப்பி ஒன்று வாங்கி, மெட்டின் முதல் நாலு வரியை நீரே ஐந்து கோட்டில் எழுதிப் பாரும் மகள். நீளம் பிழைக்கும், பரவாயில்லை. ஞாயிறு பின்னேரம் கதைக்க வசதியென்றால் படம் எடுத்து இங்கே போடும், திருத்தித் தருகிறேன்.

ரொறன்ரோக்காரர், நீங்கள் கடையில் நின்றபடியே இடக்கைப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாம். அங்கே பகல் என்றால் இங்கே இரவு, ஆனாலும் பத்து மணி வரை நான் விழித்திருப்பேன்.