புதுப்பிப்பு: கூத்து விக்கியின் துணைப்பக்கங்கள் சரியாகிவிட்டன

போன மாதம் கேட்டிருந்தேன்: எங்கட மட்டக்களப்புக் கூத்து விக்கியில் வடமோடி என்ற கூத்து வகையின் பக்கத்துக்குக் கீழே துணைப்பக்கமாக 'வடமோடி/உடுப்பு' என்று சாய்கோடு போட்டுத் திறந்தும், மேலே தாய்ப்பக்கத்துக்கான இணைப்பு வரவில்லை, ஏன் என்று.

காரணம் பிடிபட்டது. எங்கட விக்கி ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில், முதன்மைப் பெயர்வெளிக்கு (கட்டுரைகள் இருக்கும் பகுதி) துணைப்பக்க வசதி இயல்பாகவே அணைந்திருக்கும். பயனர், பேச்சுப் பக்கங்களில் அது வேலை செய்ததால்தான் இவ்வளவு நாளும் குழம்பினோம். லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் அதை இயக்கும் ஒரு வரி சேர்த்தோம். பக்கத்தை மீண்டும் திறந்தால், தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் '< வடமோடி'! அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எல்லாவற்றையும் துணைப்பக்கமாக வெட்ட வெளிக்கிட்டது பிழை. கரப்புடுப்பு என்ற ஆட்ட உடுப்பு வடமோடிக்கு உரியது, அது அங்கே இருக்கட்டும். மத்தளமும், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைக்கும் பொது. 'வடமோடி/மத்தளம்' என்று வைத்தால் தென்மோடி வாசிப்பவர் எப்படித் தேடிப் பிடிப்பார்? அவற்றைத் தனிப்பக்கமாக்கி, இரண்டு பகுப்பிலும் சேர்த்துவிட்டோம்.

இன்னொன்று: தாய்ப்பக்கத்தை நகர்த்தும்போது, துணைப்பக்கங்களையும் நகர்த்தும் பெட்டியில் சரி போட மறக்காதீர்கள். மறுமொழி சொன்ன அண்ணாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.