ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் நட்டு, போல்ட்டுகளைச் சுத்தம் செய்ய எந்த வகை டம்பிளர் மெஷின் வாங்கலாம்?

மயிலாப்பூரிலிருந்து கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் காரின் பாடி, தனிச் சேஸிஸின் மேல் பகுதி பகுதியாகப் போல்ட்டுப் போட்டு இணைக்கப்பட்டது என்பதால், கழற்றக் கழற்ற நட்டு, போல்ட்டு, வாஷர், கிளிப், சிறு பிராக்கெட் என்று பெயின்ட் வாளிகள் நிரம்பிவிட்டன. எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஆனால் இவை மெட்ரிக் அல்ல, யூ.என்.எஃப். என்ற அங்குல அளவு நுண்மரை கொண்டவை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அளவு கிடைத்தாலும், தலையின் உயரமும் அதன் மேலுள்ள குறியும் பழையதைப் போல அமைவதில்லை. ஆகவே பழையவற்றையே சுத்தம் செய்து, ஜிங்க் பிளேட்டிங்குக்கு (துத்தநாக முலாம் பூச) கொடுக்க விரும்புகிறேன்.

இதற்காக ஒரு டம்பிளர், அதாவது உதிரிகளைக் கல் போன்ற பொருளோடு சேர்த்துப் புரட்டித் துலக்கும் மெஷின், வாங்க நினைக்கிறேன். கிண்ணம் போன்ற தொட்டி அதிரும் வைப்ரேட்டர் வகை நல்லதா, சுழலும் டிரம் வகை நல்லதா? உள்ளே போடும் பொருளாக வால்நட் ஓடு, மக்காச்சோளத் தக்கை, செராமிக் கல் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். துருவுக்கு எது பொருந்தும்? அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அங்குள்ள மெஷின் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அதை இங்கே ஓட்டலாமா?

அம்பத்தூரிலிருந்து பதில்:

மெஷினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உள்ளே போடும் பொருளை முடிவு செய்துகொள்ளுங்கள். வால்நட் ஓடும் மக்காச்சோளத் தக்கையும் மெருகேற்றவும் ஈரத்தை உறிஞ்சவும் உதவுமே தவிர, துருவை அறுக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. உங்கள் வேலைக்குச் செராமிக் கல்லும், தண்ணீரில் கலந்த சிறிதளவு பாத்திரம் துலக்கும் திரவமும்தான் தேவை.

இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். இணையத்தில் விற்கும் சிறிய வைப்ரேட்டர்களில் பல, வெளிநாடுகளில் பித்தளைத் தோட்டா உறைகளை மெருகேற்றுபவர்களுக்காக, எடை குறைந்த தக்கையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே தொட்டியைச் செராமிக் கல்லால் நிரப்பினால், கல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை இருப்பதால், கொள்ளளவு சரியாக இருந்தாலும் மோட்டார் திணறிச் சூடாகிவிடும். எனவே லிட்டர் கணக்கைப் பார்க்காமல், எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பாருங்கள். 8 கிலோ என்று எழுதியிருந்தால் கல், தண்ணீர், போல்ட்டு எல்லாம் சேர்ந்தே அந்த 8 கிலோ. கொள்ளளவில் மூன்று பங்கு கல்லுக்கு ஒரு பங்கு போல்ட்டு என்பது பொதுவான கணக்கு. இரும்பின் எடை அதிகம் என்பதால், அந்த மெஷினில் ஒரு தடவைக்கு இரண்டு முதல் மூன்று கிலோ வரைதான் போல்ட்டு போட முடியும். வீட்டு வேலைக்கு அது போதும்.

அமெரிக்க மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்துவிடலாம். ஹெர்ட்ஸை அது மாற்றாது. சாதாரண இன்டக்‌ஷன் மோட்டாரானால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதிர்வைத் தருவது அச்சில் மையம் விலகிப் பொருத்திய எடை என்பதாலும், அதன் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதாலும், அதிர்வின் விசை சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். மெஷின் ஓடுவது போலத் தோன்றும், கல் மட்டும் தொட்டிக்குள் சரியாகப் புரளாது.

பெரம்பூரிலிருந்து பதில்:

நான் டிரம் வகையின் பக்கம். கியர் மோட்டார் ஒன்றும், உள்ளே ரப்பர் ஒட்டிய டிரம் ஒன்றும் இருந்தால் லேத் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம், பழுது என்று பெரிதாக எதுவும் வராது, சத்தமும் குறைவு. டிரம்மைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்ப வேண்டும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம்முக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 சுற்று சரியாக இருக்கும். 85 சுற்றை நெருங்கினால் உள்ளே உள்ளவை சுவரோடு ஒட்டிச் சுழலுமே தவிர, ஒன்றின் மேல் ஒன்று சரியாது, வேலையே நடக்காது.

அம்பத்தூரிலிருந்து பதில்:

பெரம்பூர் நண்பர் சொல்வது பிராக்கெட்டுக்கும் வாஷருக்கும் முற்றிலும் பொருந்தும். போல்ட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. டிரம்மில் பொருள்கள் மேலிருந்து சரிந்து விழுவதால், கனமான போல்ட்டின் தலை இன்னொன்றின் மரையில் மோதி முனையை மழுக்கும். கல்லின் பங்கைக் கூட்டினால் இது குறையும், மறையாது. கால் அங்குல யூ.என்.எஃப். போல்ட்டில் அங்குலத்துக்கு 28 மரை, அதாவது ஒரு மரைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு நுண்ணிய மரையில் சிறு அடிபட்டாலும் நட்டு ஏறாது.

எந்த மெஷினானாலும் கல்லின் அளவைப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் முக்கோணக் கல் தலையையும் தண்டையும் துலக்கும். மரையின் அடிவரை எட்டாது. சிறிய கல்லையும் கலந்துகொள்ளுங்கள். ஆனால் நட்டின் துளையில் போய்ச் சிக்கும் அளவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கும் வேலை பொறுமையைச் சோதித்துவிடும்.

மயிலாப்பூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் மரையின் அடியில் இருக்கும் துருவை எப்படி எடுப்பது? நேரம் மிச்சமாகும் என்று டிரம்மிலேயே எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத்தை) போட்டு ஓட்டலாமா?

கிண்டியிலிருந்து பதில்:

மூடிய டிரம்மில் அமிலத்தைப் போடாதீர்கள். அமிலமும் இரும்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வெளிவரும். போக வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் மூடி தெறிக்கும். பிளேட்டிங் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வேலையின் வரிசையைச் சொல்கிறேன். முதலில் டீசலில் ஊறவைத்துக் கிரீஸை நீக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு திறந்த பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்புக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். மரையின் அடித்துரு இதில்தான் இளகும். அதற்குப் பிறகே டம்பிளர். இந்த வரிசையில் செய்தால் மெஷினுக்கு மிச்சமிருப்பது அமிலம் விட்டுச்செல்லும் கரும்படிவத்தை அகற்றும் வேலை மட்டுமே; ஆகவே பெரிய மெஷின் தேவைப்படாது. பிளேட்டிங் பட்டறையிலும் அமிலத்தில் முக்கித்தான் தொடங்குவார்கள் என்பதால், கண்ணாடி போலப் பளபளக்க வைக்க வேண்டியதில்லை.

மூன்று வகையைத் தனியே பிரித்துவிடுங்கள். 10.9, 12.9 என்று தலையில் எழுதிய ஹைடென்சில் (அதிக இழுவலிமை கொண்ட) போல்ட்டுகளும் அவற்றுக்கு இணையான பழைய போல்ட்டுகளும் அமிலத்திலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜனை உள்வாங்கி, பின்னர் இறுக்கிய நிலையிலேயே உடையக்கூடும். பிளேட்டிங் முடிந்தவுடன் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடேற்றித் தரும் பட்டறையாக இல்லாவிட்டால் கொடுக்க வேண்டாம். எஞ்சினின் கனெக்டிங் ராடு, ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். அடுத்தது அலுமினியம், அதை இரும்போடு கலந்து போட்டால் மேற்பரப்பு முழுவதும் அடிபடும். மூன்றாவது, அந்தக் காலத்து உதிரிகள் சிலவற்றில் இருக்கும் காட்மியம் முலாம். அதன் தூசு நஞ்சு. மங்கிய வெள்ளி நிறத்திலோ பொன்னிறத்திலோ பழைய முலாம் தெரியும் பொருளை உலர்ந்த தக்கையில் ஓட்டவோ, ஒயர் பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது.

பெரம்பூரிலிருந்து பதில்:

இந்த ஊர்க் காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். கழுவிய போல்ட்டைத் தட்டில் பரப்பிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் மஞ்சள் துரு படிந்துவிடும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தால் அந்தச் சூட்டிலேயே பெரும்பகுதி உலர்ந்துவிடும். நீங்கள் கேட்ட மக்காச்சோளத் தக்கை உண்மையில் இந்த இடத்தில்தான் பயன்படும். பிளேட்டிங்குக்குப் போகத் தாமதமானால் மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். எண்ணெய் பூசியிருப்பதைப் பட்டறையில் மறக்காமல் சொல்லுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து:

8 கிலோ தாங்கும் 230 வோல்ட் வைப்ரேட்டரையே வாங்குகிறேன். பிராக்கெட்டுகளைப் பெரம்பூர் நண்பரின் டிரம்முக்குக் கொண்டுவர அனுமதி கிடைத்தால் மகிழ்வேன். ஒரே ஒரு சந்தேகம்: தொட்டியின் அழுக்குத் தண்ணீரைக் குடியிருப்பின் சாக்கடையில் விடலாமா?

கிண்டியிலிருந்து பதில்:

நேராக விடாதீர்கள். வாளியில் ஒரு நாள் தெளியவிட்டால் கல் தூளும் இரும்புத் தூளும் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேறு சாக்கடைக் குழாயில் சிமென்ட் போல இறுகிவிடும். தெளிந்த நீரைச் சாக்கடையில் விடலாம். சேற்றை உலர்த்திக் கட்டிக் குப்பை சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். காட்மியம் இருக்கக்கூடும் என்று ஐயமுள்ள உதிரிகளைத் தொட்டியிலேயே போடாமல் பிளேட்டிங் பட்டறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பழைய முலாமைக் கரைத்து எடுக்கவும் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் அங்கே வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து பதில்:

தாராளமாகக் கொண்டுவாருங்கள். கிரீஸை மட்டும் வீட்டிலேயே கழுவிவிடுங்கள். டிரம்மின் ரப்பருக்கு டீசல் ஆகாது.