தந்தையை இழந்த பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை

எங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் பள்ளியின் சார்பில் இருக்கிறேன். தந்தை இறந்த பிறகு, எட்டாம் வகுப்பில் படிக்கும் 13 வயது மாணவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் வருவதில்லை. அம்மாவுடன் செங்கல் சூளைக்குப் போகிறான் என்று அவன் தங்கை சொன்னாள். இருவரையும் ஏதேனும் இல்லத்தில் சேர்த்துவிட்டால் சோறும் படிப்பும் கிடைக்குமே என்கிறார் தாய். ஏற்கெனவே சிக்கலில் மாட்டிய பிள்ளைகளைக் கவனிக்கவே ஆளில்லாதபோது, ஒன்றும் நடக்காத வீட்டுக்காக அலைவானேன் என்கிறார் குழு உறுப்பினர் ஒருவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற குழந்தைகள் நலப் பணியாளர்

ஒன்றும் நடக்கவில்லை என்று யார் சொன்னது? வருகைப் பதிவேடே சொல்கிறதே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. கணவரை இழந்தவரின் பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க, மிஷன் வாத்சல்யா என்னும் ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள்.

பதில்: சமூகப்பணி ஆய்வு மாணவர்

உறுப்பினரின் கேள்விக்கு எல்மைராவில் விடை இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் அந்த ஊரில், 1970களின் இறுதியில், முதல் பிள்ளையைச் சுமந்த பெண்களின் வீடுகளுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் சென்றுவந்தனர். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அக்குடும்பங்களில் குழந்தை வதை, புறக்கணிப்பு தொடர்பாக உறுதியான புகார்கள் மற்றவற்றில் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் வீட்டில் அடிதடி மிகுந்திருந்த இடங்களில் இந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே, வறுமை மட்டும்தானா என்று நேரில் போய்ப் பார்க்காமல் படிவம் நிரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில்: தலைமையாசிரியர்

நிதி வந்து சேர மாதங்கள் ஆகலாம். சூளை அதுவரை காத்திராது. 14 வயது நிறையாத பிள்ளையை அங்கே வேலைக்கு வைப்பது குற்றம் என்பதை முதலாளியிடம் சொல்ல வேண்டியது குழுதான், தாயல்ல. அதற்கு முன், சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்று தாயிடம் தனியாகக் கேளுங்கள். பையன் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

கேட்டேன். கணவரின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லையாம். அந்த உறுப்பினரும் உடன்வர, இந்த முன்பணப் பிடியிலிருந்து குடும்பத்தை விடுவிக்கக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தாயிற்று.