2001-இல் இந்த வீடு என்ன பெறும்? மாடி கட்டியதோ 2012-இல்

உறையூர்வாசி:
வணக்கம். திருச்சி உறையூரில் அப்பா 1986-இல் கட்டிய வீடு. மனை 2,400 சதுர அடி, கீழ்த்தளம் 900. ரிட்டயர்மென்ட் பணத்தில் 2012-இல் 700 சதுர அடிக்கு மாடி எடுத்தார், 8 லட்சம் ஆனது. 2018-இல் மொசைக் தரைமேல் டைல்ஸ் ஒட்டினோம். அவர் 2019-இல் தவறிவிட்டார். நானும் தங்கையும் 2024 நவம்பரில் 95 லட்சத்துக்கு விற்றோம்.

விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரிக்கு, பழைய வீடு என்பதால், அடக்க விலையாகக் கழிக்க 1.4.2001 தேதி மதிப்பு வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். வேல்யூவர் வந்தார், டேப் பிடித்தார், 1,600 சதுர அடிக்கும் 2001 விலை போட்டு ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். ஆடிட்டர் அதோடு மாடிச் செலவு 8 லட்சத்தையும் தனியாகச் சேர்த்திருக்கிறார். எனக்கு ஏதோ இடிக்கிறது. சரிதானா?

கணக்கன்:
இடிக்கத்தான் செய்யும். மாடியை இரண்டு முறை கழிக்கிறீர்கள். 2001 ஏப்ரலில் அங்கே மொட்டை மாடிதானே இருந்தது? துணி காயப்போடும் கொடிக்கு யாராவது சதுர அடி விலை போடுவார்களா!

பழைய பொறியாளர்:
தம்பி, நான் இந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவன். வேல்யூவர் செய்த தப்பு சாதாரணமாக நடப்பதுதான். இன்று கண்ணுக்குத் தெரிவதை அளந்து, விலையை மட்டும் பின்னால் தள்ளிவிடுவார்கள். தேதியைப் பின்னால் கொண்டுபோனால் வீட்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு அது மொசைக் தரை போட்ட, 15 வயதான, 900 சதுர அடி வீடு. அவ்வளவுதான்.

நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கு 2001-இல் உங்கள் தெருவுக்கு இருந்த வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த விலையை, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டு 2000, 2001-இல் பக்கத்து மனை ஏதாவது கைமாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிரய விலை அதிகமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைக்கிறதென்றால் அதைத் தாண்டி 2001 மதிப்பு காட்ட முடியாது.

கட்டடத்துக்கு அந்த வருடத்துப் பொதுப்பணித்துறை சதுர அடி விலை, அதில் வயதுக்கான தேய்மானம். ஒரு கைக்கணக்கு போடுகிறேன், விலைகள் உதாரணத்துக்குத்தான். நிலம் சதுர அடி 300 என்றால் 7,20,000. கட்டடம் 900 × 400 = 3,60,000. ஆயுள் 60 வருடம், கடைசியில் 10% மிஞ்சும் என்று வைத்தால், 15 வருடத்துக்குத் தேய்மானம் 22.5%, அதாவது 81,000. மிச்சம் 2,79,000. மொத்தம் 9,99,000.

கணக்கன்:
அதை வைத்தே வரியைப் பார்ப்போம். பழைய செலவை விற்ற வருடத்து விலைக்கு ஏற்றிக் காட்டும் பணவீக்கக் குறியீடு 2001-02க்கு 100, 2012-13க்கு 200, 2024-25க்கு 363. பழைய வீடு 9.99 × 3.63 = 36.26 லட்சம். மாடி 8 × 363 ÷ 200 = 14.52 லட்சம். 95-இல் இரண்டையும் கழித்தால் 44.22 லட்சம் ஆதாயம். அதற்கு 20% என்றால் 8.84 லட்சம். குறியீடு இல்லாத புது வழியில் 95 − 9.99 − 8 = 77.01 லட்சம், 12.5% போட்டால் 9.63 லட்சம். 23.7.2024-க்கு முன்பே கைக்கு வந்த சொத்து என்பதால் எது குறைவோ அதைக் கட்டலாம். வரிமேல் வரும் செஸ் தனி.

உங்கள் வேல்யூவர் கணக்கில் மாடிக்கு மட்டும் 700 × 400, அதாவது 2.8 லட்சம் கூடுதலாக ஏறியிருக்கும். குறியீட்டோடு அது 10 லட்சத்துக்கு மேல். விசாரணை வந்தால் முதலில் கேட்பது மாடிக்கு அனுமதி வாங்கிய தேதியைத்தான்.

உறையூர்வாசி:
புரிகிறது ஐயா. டைல்ஸ்? அப்புறம், கொத்தனாருக்கு ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது ஏது?

பழைய பொறியாளர்:
வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது எல்லாம் பராமரிப்பு, அதைச் சேர்க்காதீர்கள். டைல்ஸ் வாதத்துக்கு இடமுள்ளது. பில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பேன். மாடிக்கு அப்படி இல்லை. அங்கீகரித்த வரைபடம், அப்பாவின் பாஸ்புக்கில் பணம் எடுத்த பதிவுகள், மாடிக்குப் பிறகு கூடிய சொத்து வரி ரசீது, மாடிக்குத் தனி மின் இணைப்பு வாங்கியிருந்தால் அந்தத் தேதி, இதெல்லாம் சேர்ந்து பேசும். பழைய வீட்டின் நிலைக்குக் குடும்ப ஆல்பத்தைப் புரட்டுங்கள்.

உறையூர்வாசி:
தங்கையின் காதுகுத்துப் படம் கிடைத்தது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்திருக்கிறார், அவள் வீறிட்டு அழுகிறாள், பின்னால் பச்சைப் புள்ளி மொசைக்கும் ஓட்டுத் தாழ்வாரமும் பளிச்சென்று தெரிகின்றன. தாழ்வாரம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது, மாடி கட்டும்போது இடித்தோம். வேல்யூவர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுத ஒப்புக்கொண்டார்.

ஒன்று விட்டுப்போனது. தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், பதினோரு வருடமாக.

கணக்கன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 20% வழி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும்தான். 2001 மதிப்பு அவருக்கும் உண்டு, குறியீடு கிடையாது. பாதிப் பங்குக்கு உங்களுக்கு 4.42 லட்சம் வந்தால் அவருக்கு 4.81 லட்சம். ரிப்போர்ட் ஒன்று போதும், கணக்கு மட்டும் தனித்தனி.

உறையூர்வாசி:
39,000 வித்தியாசத்தை என் பங்கிலிருந்து கொடுத்துவிடுகிறேன் என்று ஃபோனில் சொன்னேன். பணம் வேண்டாம், காதுகுத்துப் படத்தின் ஒரிஜினலை அனுப்பு என்கிறாள்.