ஆம்னி வேனுக்கு காத்து மிசின் (கம்ப்ரசர்) எது வாங்கலாம்? அவசரம்

மேலூர்_பஞ்சர் | புதன், இரவு 9:40
அண்ணே வணக்கம். வேன்ல போய் பஞ்சர் போடுற சோலி ஆரம்பிக்கப் போறேன். கூப்பிட்ட எடத்துக்குப் போறது. மேலூர், கொட்டாம்பட்டி, ஒத்தக்கடை பக்கம் பூராம். 2 எச்பி 50 லிட்டர் மிசின் ஒண்ணு டவுன்ல பாத்து வச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்ங்கிறாரு கடைக்காரர். வாங்கலாமா வேணாமா? தெரிஞ்சவங்க வெரசா சொல்லுங்க.

காளவாசல்காரன் | புதன், இரவு 9:52
எந்த வண்டிக்கு பஞ்சர்? பைக்கா காரா லாரியா? அதச் சொல்லாம வாங்கலாமா வேணாமான்னா நாங்க என்னத்த சொல்ல.

ஸ்பேர்ஸ்கடை_அக்கா | புதன், இரவு 10:05
தம்பி, கரண்டு எங்கருந்து எடுக்கப் போற? ரோட்டோரத்துல நிக்கிற வேனுக்கு பிளக் பாயிண்ட்டு யாரு வச்சிருக்கா?

வெள்ளரிப்பட்டி_டிரைவர் | புதன், இரவு 10:11
பட்ஜெட்டு? புதுசா பழசா?

பன்னெண்டு_வோல்ட்டு | புதன், இரவு 10:30
2 எச்பி எல்லாம் வேணாம் ப்ரோ. பேட்டரில நேரா கிளிப் மாட்டுற டபுள் சிலிண்டர் 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் வாங்குங்க. கையில தூக்கிட்டுப் போகலாம். நான் ஒண்ணு வச்சிருக்கேன், என் கார் நாலு டயருக்கும் அடிச்சிருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்ல.

காளவாசல்காரன் | புதன், இரவு 10:34
உங்க கார் நாலு டயருக்கு மாசம் ஒரு வாட்டி அடிக்கிறதும், நாள் பூரா அதுலயே பொழப்ப ஓட்டுறதும் ஒண்ணா? கால் மணி நேரம் விடாம ஓட்டுனா சூடாயி நின்டுரும். அப்புறம் ஆறுற வரைக்கும் கஸ்டமர் கூட ஊர்க்கதை பேசிட்டு உக்காந்திருக்கணும்.

பழைய_கடை | வியாழன், காலை 6:15
பெட்ரோல் இன்ஜின் வச்ச கம்ப்ரசர்தான். வேற பேச்சே இல்ல. எங்க அப்பா ரோட்டு மேல கடை வச்சிருந்த காலத்துல கயிறு சுத்தி இழுத்து ஸ்டார்ட் பண்ற இன்ஜின்தான். மண்ணெண்ணையில ஓடும். கரண்டு போனாலும் காத்து நிக்காது. இப்ப 5.5 எச்பி பெட்ரோல் இன்ஜின் வருது, பெல்ட் போட்டு ஹெட்டோட, அதான் காத்த அமுக்குற பம்போட மாட்டுனா லாரி டயரே ஏறும். கண்ண மூடிட்டு வாங்குங்க.

கப்பலூர்_ஃபிட்டர் | வியாழன், காலை 8:20
இருபது வருஷத்துக்கு மேலாக கம்ப்ரசரில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. எச்பியும் லிட்டரும் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். டேங்க் வெறும் பானைதான். பானை பெரிதாக இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வந்துவிடுமா? கேட்க வேண்டியது சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்பது. அதிலும் கடைக்காரர் அட்டையில் காட்டுவது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், பிஸ்டன் உள்ளே இழுக்கிற கணக்கு; வெளியே வருகிற காற்று அல்ல. 7 என்று போட்டிருந்தால் ஓஸ் முனையில் வருவது நாலரையைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், இனியாவது இதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். 1 சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28 லிட்டர் காற்று. நாலரை என்றால் ஏறக்குறைய 127 லிட்டர். கார் டயரின் உள்ளளவு 30 லிட்டர் என்று வையுங்கள். பிஎஸ்ஐ, பார் இரண்டும் அழுத்தத்தின் அளவு; 33 பிஎஸ்ஐ என்பது 2.3 பார், ஆக 70 லிட்டர் காற்று போதும், அரை நிமிட வேலை. டிராக்டர் பின் டயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. உள்ளளவு 250 லிட்டர் வந்தாலும் அழுத்தம் ஒரு பார்தான், இரண்டு நிமிடம். லாரிதான் ஆளைக் கொல்லும். 10.00-20 டயர் 130 லிட்டர், 110 பிஎஸ்ஐ, ஆயிரம் லிட்டரை ஒட்டி வரும். ஒரு டயருக்கு எட்டு நிமிடம் என்பது ஏட்டுக் கணக்கு. 8 பாரில் கட் ஆகிற சிங்கிள் ஸ்டேஜ் மிஷின் 116 பிஎஸ்ஐக்கு மேல் போகாது என்பதால் கடைசி இருபது பிஎஸ்ஐ நகரவே நகராது. லாரிக்கு காற்றை இரண்டு படியாக அமுக்குகிற 12 பார் டூ ஸ்டேஜ் வேண்டும்.

50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது கொடுப்பது வெறும் 100 லிட்டர். இதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகிற 'பெரிய டேங்க்'.

ஸ்பேர்ஸ்கடை_அக்கா | வியாழன், காலை 8:41
கணக்கு சரிதான் ஃபிட்டரய்யா. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாம்.

மேலூர்_பஞ்சர் | வியாழன், மதியம் 1:10
மன்னிச்சுக்கங்க, அவசரத்துல விட்டுப் போச்சு. பைக், காரு, டாடா ஏஸ், டிராக்டர். அறுப்பு சமயத்துல வயக்காட்டுல நிக்கிற அறுப்பு மிசினுக்கும் கூப்பிடுவாங்க. டிப்பர் லாரி வந்தா அதையும் விட மனசில்ல. நட்டு கழட்ட இம்பாக்ட் கன்னும் காத்துலயே ஓடணும். கரண்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு, அத வேன் பேட்டரில மாட்டிக்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் 40 ஆயிரத்துக்குள்ள.

காளவாசல்காரன் | வியாழன், மதியம் 1:14
ஆத்தாடி.

பன்னெண்டு_வோல்ட்டு | வியாழன், மதியம் 1:30
லாரியா? சொல்லவே இல்லையே ப்ரோ. அப்ப என் பேச்ச விடுங்க.

ஸ்பேர்ஸ்கடை_அக்கா | வியாழன், மதியம் 2:05
தம்பி, அந்த இன்வெர்ட்டர் ஆசைய மொதல்ல விடு. 2 எச்பி மோட்டாரு ஓடும்போதே 12 வோல்ட் பேட்டரில இருந்து 180 ஆம்பியருக்குக் கொறையாம இழுக்கும். ஆம்னிக்குப் போடுறது 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி. அது எத்தன நிமிசம் தாங்கும்னு நீயே வகுத்துப் பாரு. கெளம்பும்போது இழுக்குற இழுப்பு அஞ்சாறு மடங்கு. வீட்டு இன்வெர்ட்டர் ஓவர்லோடுன்னு கத்திட்டுப் படுத்துரும். ஜெனரேட்டர் வச்சு ஓட்டணும்னாலும் நாலு அஞ்சு கேவிஏ வேணும், அதுக்கே உன் பட்ஜெட்டு போயிரும்.

இன்னொண்ணு. மிசின் கட் ஆனதும் 'புஸ்'ஸுனு ஒரு சத்தம் வருதான்னு கடையிலயே கேட்டுப் பாரு. ஹெட்டுல நிக்கிற காத்த அன்லோடர் வால்வு வெளிய விடுற சத்தம் அது. அது வரலைன்னா அடுத்த வாட்டி மோட்டாரு காத்த தள்ளிக்கிட்டே கெளம்பணும். முடியாம 'ம்ம்ம்'னு முனங்கும், கடைசியில காயில் கருகும். எங்க கடைக்கு காயில் கட்டக் கொண்டு வர்ற மோட்டார்ல பாதி இந்தக் கதைதான். அலுமினிய காயிலா காப்பரான்னும் கேளு. கோயம்புத்தூர் மிசின்னா வால்வு பிளேட்டு, ரிங்கு, பெல்ட்டு எல்லாம் மதுரை சிம்மக்கல்லுலயே கெடைக்கும். எல்ஜி (ELGi) கம்ப்ரசர் கம்பெனிக்காரங்க 1960லருந்து கோயம்புத்தூர்லதான் செய்யிறாங்க. பேரு தெரியாத மிசினுக்கு ஒரு வாஷர் போச்சுன்னா நீ வடக்க பாத்து உக்காந்திருக்கணும்.

வெள்ளரிப்பட்டி_டிரைவர் | வியாழன், மாலை 5:20
பழசு வாங்குனா டேங்க் அடிப்பக்கத்தத் தடவிப் பாருங்க. நான் ஒருத்தர்ட்ட வாங்குனேன், பளபளன்னு நீலப் பெயிண்டு. ஒரு மாசத்துல அடியில ஈரம். சொரண்டிப் பாத்தா ஊசி ஓட்டைய பசை வச்சு அடைச்சு மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க. தெனமும் தண்ணி வடிக்காத டேங்க் உள்ளருந்தே துருப்பிடிக்கும். அது வெடிச்சிருந்தா இத எழுத நான் இருக்க மாட்டேன்.

பழைய_கடை | வியாழன், மாலை 6:00
அதான் காலையிலயே சொன்னேன், பெட்ரோல் இன்ஜின். எல்லாரும் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கணும்.

சமயநல்லூர்_பங்க் | வியாழன், இரவு 8:15
இப்பல்லாம் ஜனங்க நைட்ரஜன்தான் கேக்குறாங்க. சாதா காத்து மிசின் வாங்கி என்ன செய்ய? நைட்ரஜன் போட்டா டயர் சூடாகாது, ரெண்டு மாசத்துக்கு செக் பண்ணவே வேணாம்.

கப்பலூர்_ஃபிட்டர் | வியாழன், இரவு 8:22
காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதி 22க்கு தனியாகக் காசு வாங்குகிறீர்கள், அவ்வளவே.

சமயநல்லூர்_பங்க் | வியாழன், இரவு 8:30
அப்ப விமானத்துக்கு ஏன் நைட்ரஜன் போடுறாங்க? அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

கப்பலூர்_ஃபிட்டர் | வியாழன், இரவு 8:41
விமானம் மேலே போனால் உறைகிற குளிர். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. இறங்கும்போது பிரேக் கொதிக்கும், அங்கே ஆக்சிஜன் இருந்தால் தீ. கொட்டாம்பட்டி போகிற டாடா ஏஸ் எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறது?

காளவாசல்காரன் | வியாழன், இரவு 8:45
😂😂

சமயநல்லூர்_பங்க் | வியாழன், இரவு 8:58
கிண்டல் பண்ணா ஆச்சா. எங்க கஸ்டமர் ஒருத்தர் நைட்ரஜன் போட்ட பிறகு மைலேஜ் கூடிருச்சுன்னு சொல்றாரு.

பன்னெண்டு_வோல்ட்டு | வியாழன், இரவு 9:10
டயர் ரொம்ப நாளா எறங்கிக் கெடந்திருக்கும் ப்ரோ. சரியா காத்து அடிச்சதுக்கு கூடுன மைலேஜ் அது. எந்தக் காத்தா இருந்தாலும் கூடியிருக்கும். வெயிலுக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான் ஏறும், அஞ்சாறு டிகிரி கூடுனா ஒரு பிஎஸ்ஐ.

கப்பலூர்_ஃபிட்டர் | வியாழன், இரவு 9:12
பன்னிரண்டு வோல்ட்டுக்காரர் சொன்னதில் முதல்முறையாக ஒன்று சரி.

நெறியாளர் | வியாழன், இரவு 9:40
நைட்ரஜன் சண்டைய தனி இழையில வச்சுக்கங்க. இங்க கேட்டது ஆம்னிக்கு மிசின்.

ஒத்தக்கடை_ஆட்டோ | வெள்ளி, காலை 7:05
நான் இதே தொழில் ஒரு வருசம் செஞ்சவன், ஒண்ணு சொல்றேன். இவ்வளவு காத்து கேக்குறது டயர் இல்ல, இம்பாக்ட் கன்தான். அரை இஞ்ச் கன் 90 பிஎஸ்ஐல விட்டு விட்டு ஓட்டுனாலே சராசரியா நாலஞ்சு சிஎஃப்எம் குடிக்கும். ஓஸ் சின்னதா இருந்தா அதுவும் வராது, நட்டு கிர்ருனு சுத்தி நிக்கும். அதுக்குப் பதிலா பேட்டரில ஓடுற 20 வோல்ட் கன் ஒண்ணு வாங்குனேன். ராத்திரி சார்ஜ் போட்டா நாள் பூரா கார் நட்டு கழட்டலாம். அப்புறம் கம்ப்ரசர் டயருக்கு மட்டும்தான், சின்ன மிசினே போதும்.

வயக்காட்டு வேலைக்கு இன்னொண்ணு. டிராக்டர் பின் டயர்ல பாதிக்கு மேல தண்ணி ரொப்பி வச்சிருப்பாங்க, வெயிட்டுக்கு. வால்வ மேல திருப்பி வைக்காம உள்ள இருக்குற பின்னக் கழட்டுனா தண்ணி மூஞ்சியில அடிக்கும். எனக்கு அடிச்சிருக்கு.

மேலூர்_பஞ்சர் | வெள்ளி, மதியம் 12:50
ரொம்ப நன்றிண்ணே. பேட்டரி கன் யோசன நல்லா இருக்கு. அப்ப பெட்ரோல் இன்ஜின் கம்ப்ரசர பின் சீட்ட எடுத்துட்டு அங்கன போல்ட் போட்டு மாட்டிர்றேன். வேன் கேஸ் வண்டிங்கிறதால பின்னாடி சிலிண்டர் கொஞ்சம் எடத்த அடைக்குது, பரவால்ல சமாளிச்சிக்கலாம்.

ஸ்பேர்ஸ்கடை_அக்கா | வெள்ளி, மதியம் 12:53
கேஸ் வண்டியா???

காளவாசல்காரன் | வெள்ளி, மதியம் 12:54
மூணு நாளா பேசுறோம், இத இப்ப சொல்றீங்க.

கப்பலூர்_ஃபிட்டர் | வெள்ளி, மதியம் 1:15
தம்பி, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, வேனின் தரையில் தேங்கும். அதே தரையில் சூடான சைலன்சரும் பிளக் பொறியும் உள்ள இன்ஜினை வைக்கப்போகிறீர்கள். கேஸே இல்லாத வண்டியாக இருந்தாலும் மூடிய வேனுக்குள் பெட்ரோல் இன்ஜின் ஓட்டினால் புகை ஆளை மயக்கும். மணமே தெரியாத கார்பன் மோனாக்சைடு. ஓட்டுவதென்றால் கீழே இறக்கி வைத்து, வேனிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். மாட்டவே மாட்டாதீர்கள்.

பழைய_கடை | வெள்ளி, மதியம் 1:40
ஃபிட்டர் சொல்றது சரி. கண்ண மூடிட்டு வாங்குங்கன்னு சொன்னேன்ல, கண்ணத் தொறந்துக்கங்க.

ஒத்தக்கடை_ஆட்டோ | வெள்ளி, மதியம் 2:10
ஒவ்வொரு பஞ்சருக்கும் அந்த இன்ஜின எறக்கி ஏத்த ரெண்டாள் வேணும். தனி ஆளா பாக்குற தொழில்ல அது நடக்காது. லாரிய விட்டுரு தம்பி. மத்த டயருக்கு மட்டும்னா எடையில்லாத வழி நெறைய இருக்கு.

காளவாசல்காரன் | ஞாயிறு, காலை 10:00
அட்வான்ஸ் குடுத்தாச்சா? என்னாச்சு?

ஸ்பேர்ஸ்கடை_அக்கா | புதன், காலை 11:20
தம்பி, நல்லாருக்கேன்னு ஒரு வார்த்த போடு. மனசு கெடந்து அடிச்சிக்கிது.

மேலூர்_பஞ்சர் | 26 நாளுக்குப் பிறகு, இரவு 10:45
மன்னிச்சுக்கங்க அக்கா, அலைச்சல். வேனையே மாத்திட்டேன். ஆம்னிய குடுத்துட்டு பழைய டாடா ஏஸ் ஒண்ணு எடுத்தாச்சு, பின்னாடி தொறந்த பாடி. பெட்ரோல் கம்ப்ரசர் அதுல மாட்டியிருக்கு, நட்டுக்கு பேட்டரி கன். லாரி பாக்குறதில்ல. நேத்து மட்டும் நாலு டிராக்டர். எல்லாருக்கும் நன்றி.

கப்பலூர்_ஃபிட்டர் | அதே இரவு, 11:02
எத்தனை சிஎஃப்எம், எத்தனை பார், சிங்கிள் ஸ்டேஜா? எழுதிவிட்டுப் போனால் அடுத்து கேட்பவருக்காவது உதவும்.

கொட்டாம்பட்டி_புதுசு | 3 நாளுக்குப் பிறகு
அண்ணே அந்த ஆம்னிய யாருட்ட குடுத்தீங்க? கேஸ் வண்டின்னா எனக்கு வேணும். நானும் வேன்ல ஒரு சின்ன சோலி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

காளவாசல்காரன் | 3 நாளுக்குப் பிறகு
என்ன சோலின்னு இப்பயே சொல்லிருங்க சாமி.